மேடை ஏறும் சரித்திரம்: எது நிஜம்? எது கற்பனை?

படப்பைக்குப் பக்கத்து ஊர் மணிமங்கலம். தாம்பரத்தில் இருந்தும் ஒரகடத்தில் இருந்தும் தினமும் எத்தனையோ பேர் அந்தப் பக்கமாக வேலைக்குப் போய் வருகிறார்கள். ஏறக்குறைய 1,400 ஆண்டுகளுக்கு முன்பு அங்கே ஒரு பெரிய போர் நடந்தது என்ற செய்தி அவர்களில் பலருக்குப் புதிதாக இருக்கும்.

சாளுக்கிய மன்னன் புலிகேசி காஞ்சிபுரத்தைக் குறி வைத்துப் படையெடுத்து வந்தான். பல்லவ மன்னன் நரசிம்மவர்மன் அவனை எதிர்த்து நின்று தோற்கடித்தான். அந்தப் போர்க்களங்களில் ஒன்றுதான் மணிமங்கலம். காஞ்சிபுரத்தை அடுத்த கூரம் என்ற ஊரில் கிடைத்த செப்பேடு இதைச் சொல்கிறது.

இந்தப் போரை வைத்து ஒரு பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழா நாடகம் போடுவதாக வைத்துக்கொள்வோம். செப்பேட்டில் இருப்பதோ சில வரிகள்தான். மன்னன் தளபதியிடம் என்ன பேசினான்? ராணி என்ன சொல்லி வழியனுப்பினாள்? போருக்குப் போனவன் வீட்டில் என்ன நடந்தது? இவற்றில் எதுவும் செப்பேட்டில் இல்லை. நாடகம் எழுதுகிறவர் கற்பனை செய்துதான் ஆக வேண்டும்.

கல்கியின் "சிவகாமியின் சபதம்" நாவலிலும் மணிமங்கலம் போர் வருகிறது. அதில் வரும் மகேந்திரவர்மனும், நரசிம்மவர்மனும், புலிகேசியும் சரித்திரத்தில் வாழ்ந்தவர்கள். சிவகாமியும் அவள் தந்தை ஆயனரும் கல்கியின் மனதில் பிறந்தவர்கள். ஆனால் கதையைப் படித்தவர்களுக்கு நிஜ மன்னர்களை விட ஆயனரும் சிவகாமியும்தான் நெருக்கமாகத் தெரிகிறார்கள்.

கற்பனைக்கு அவ்வளவு சக்தி உண்டு. அதனால்தான் ஜாக்கிரதையும் தேவைப்படுகிறது.

இன்று வீட்டுக்கு வீடு செல்போன் இருக்கிறது. இரண்டு நிமிடப் படத்தில் ஒரு மன்னர் தெய்வமாகிறார். இன்னொரு மன்னர் அரக்கனாகிறார். "எங்கள் ஆள்", "உங்கள் ஆள்" என்று சண்டை மூள்கிறது. எப்போதோ இறந்துபோனவர்களுக்காக இன்று அக்கம்பக்கத்தில் வாழ்கிறவர்கள் முகம் திருப்பிக்கொள்கிறார்கள்.

இந்த நேரத்தில் சில கேள்விகளுக்குப் பதில் தேட வேண்டியிருக்கிறது. சரித்திரத்தை மேடையில் சொல்கிறவருக்கு எவ்வளவு உரிமை உண்டு? பார்ப்பவர் அதை எப்படிச் சரிபார்ப்பது? நடுவில் போலீசுக்கு என்ன வேலை?

ராஜா எழுதிய நாடகம்

நரசிம்மவர்மனின் தந்தை மகேந்திரவர்மன். அவன் ஒரு நாடக ஆசிரியன். "மத்தவிலாச பிரகசனம்" என்ற சிரிப்பு நாடகத்தை எழுதியவன் அவன். அது சமஸ்கிருதமும் பிராகிருதமும் கலந்து எழுதப்பட்டது.

கதை நடக்கும் இடம் அவனுடைய தலைநகரமான காஞ்சிபுரம்தான். ஒரு காபாலிகச் சாமியார் குடிபோதையில் தன் கபாலத்தைத் தொலைத்துவிடுகிறான். பிச்சை வாங்கும் பாத்திரம் அதுதான். ஒரு புத்த பிட்சு மேல் அவனுக்குச் சந்தேகம். தெருவில் பெரிய ரகளை. கடைசியில் பார்த்தால், கபாலத்தைத் தூக்கிக்கொண்டு போனது ஒரு நாய்!

நடுவில் ஒரு பேச்சு வருகிறது. பிட்சுவிடம் மடத்துப் பணம் நிறைய இருக்கிறது, அவன் நியாயஸ்தலத்து அதிகாரிகளின் வாயை அடைத்துவிடுவான் என்கிறாள் காபாலிகனோடு வரும் பெண்.

ஊரை ஆளும் மன்னன் தன் ஊர் நியாயஸ்தலத்தில் லஞ்சம் உண்டு என்று தானே நாடகம் எழுதியிருக்கிறான். அன்றைய நடப்பை மேடையில் பேசும் வழக்கம் இந்தப் பகுதிக்குப் புதிதல்ல என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

லண்டனில் ஒரு கொலை வழக்கு

மன்னர்களை விட்டு இந்தக் காலத்துக்கு வருவோம். இங்கிலாந்தில் ஒரு புது வகை நாடகம் பேர் பெற்றிருக்கிறது. அதற்கு ஆவண நாடகம் என்று பெயர் சொல்லலாம்.

1993-ம் ஆண்டு ஏப்ரல் மாதம். லண்டனில் ஒரு பஸ் நிறுத்தத்தில் ஸ்டீபன் லாரன்ஸ் என்ற 18 வயது வாலிபர் நின்றுகொண்டிருந்தார். கறுப்பர் இனத்தைச் சேர்ந்தவர். வெள்ளைக்கார வாலிபர்கள் சிலர் அவரைக் கத்தியால் குத்திக் கொன்றார்கள். போலீசார் சரியாகத் துப்புத் துலக்கவில்லை. தாயும் தந்தையும் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். அதன் பிறகுதான் நீதிபதி மெக்பர்சன் தலைமையில் விசாரணை நடந்தது.

ரிச்சர்டு நார்ட்டன் டெய்லர் ஒரு பத்திரிகையாளர். அவர் அந்த விசாரணையின் ஆயிரக்கணக்கான பக்கங்களைப் படித்தார். அதில் இருந்து முக்கியமான கேள்விகளையும் பதில்களையும் எடுத்துக் கோத்தார். "நீதியின் நிறம்" என்று பொருள்படும் பெயரில் 1999 ஜனவரியில் அது லண்டனில் மேடை ஏறியது.

அந்த நாடகத்தில் ஆசிரியர் சொந்தமாக ஒரு வசனமும் எழுதவில்லை. சாட்சிகள் சொன்னதை நடிகர்கள் சொன்னார்கள். போலீஸ் அதிகாரிகள் மழுப்பியதை அப்படியே மழுப்பினார்கள். பாட்டு இல்லை. சண்டை இல்லை. ஆனாலும் பார்த்தவர்கள் நெஞ்சு கனத்து வெளியே வந்தார்கள்.

அடுத்த மாதம் நீதிபதியின் அறிக்கை வெளிவந்தது. போலீஸ் இலாகாவுக்குள்ளேயே இனபேதம் ஊறிப்போயிருக்கிறது என்று அது கூறியது. 2012-ல் இரண்டு பேர் தண்டிக்கப்பட்டார்கள். கொலை நடந்து ஏறக்குறைய 19 ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஆயிரம் பக்க அறிக்கையைச் சாதாரண ஜனங்கள் படிக்க மாட்டார்கள். இரண்டு மணி நேர நாடகத்தைப் பார்ப்பார்கள். இந்த வகை நாடகத்தின் பயன் அதுதான். ஆனால் எந்தப் பக்கத்தை எடுப்பது, எதை விடுவது என்று முடிவு செய்கிறவர் அங்கேயும் ஆசிரியர்தான். அதையும் மறக்கக் கூடாது.

எரிந்துபோன காகிதங்கள்

ஆவணமே இல்லாவிட்டால் என்ன செய்வது? அதற்கும் ஓர் உதாரணம் இருக்கிறது. நம் நாட்டின் தலைவிதியை மாற்றிய சம்பவம் அது.

1947 ஜூலை மாதம் சிரில் ராட்கிளிப் என்ற ஆங்கிலேய வக்கீல் டெல்லிக்கு வந்து இறங்கினார். இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் நடுவில் எல்லைக்கோடு போடுவது அவர் வேலை. அதற்கு முன்பு அவர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. அவருக்குக் கிடைத்த அவகாசம் சுமார் 5 வாரம்.

பஞ்சாபையும் வங்காளத்தையும் பிளந்து கோடு போட்டார். சுதந்திரம் வந்து இரண்டு நாள் கழித்து, ஆகஸ்டு 17-ந்தேதி எல்லை அறிவிக்கப்பட்டது. கோட்டுக்கு இருபுறமும் ரத்த ஆறு ஓடியது. லட்சக்கணக்கானவர்கள் மாண்டார்கள். ஒரு கோடிக்கும் அதிகமானவர்கள் வீடு வாசலை இழந்தார்கள். ராட்கிளிப் தமக்குரிய சம்பளத்தை வாங்கவில்லை. தம் காகிதங்களை எரித்துவிட்டு ஊருக்குப் போனார். பிறகு இந்தியாவுக்குத் திரும்பி வரவே இல்லை.

ஹோவர்டு பிரென்டன் என்ற பிரிட்டிஷ் நாடக ஆசிரியர் இதை எடுத்துக்கொண்டார். "கோடு போடுதல்" என்று பொருள்படும் அவருடைய நாடகம் 2013 டிசம்பரில் லண்டனில் நடந்தது. நேரு, ஜின்னா, மவுண்ட்பேட்டன் எல்லாரும் அதில் வருகிறார்கள். ராட்கிளிப்பின் மனப்போராட்டம்தான் மையம்.

அந்த மனப்போராட்டத்துக்கு ஆவணம் கிடையாது. காகிதங்கள்தான் சாம்பலாகிவிட்டனவே! தேதிகளையும் பெயர்களையும் சரித்திரத்தில் இருந்து எடுத்தார் பிரென்டன். மூடிய அறைக்குள் நடந்த பேச்சைத் தாமே எழுதினார். இடைவெளியை நிரப்ப அவருக்கு உரிமை உண்டு. அது அவர் நிரப்பியது என்று பார்ப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவ்வளவுதான்.

கட்டபொம்மனும் கடிதமும்

தமிழ்நாட்டு மேடைக்கு வருவோம். சரித்திர நாடகம் என்றதும் எல்லாருக்கும் நினைவு வருவது வீரபாண்டிய கட்டபொம்மன்தான். 1957-ல் சிவாஜி கணேசன் குழுவினர் அதை மேடை ஏற்றினார்கள். 1959-ல் அது சினிமாவாக வந்தது. கட்டபொம்மன் கலெக்டர் ஜாக்சனைப் பார்த்து முழங்கும் வசனத்தை இன்றைக்கும் சிறு பிள்ளைகள் மாறுவேடப் போட்டியில் பேசிப் பரிசு வாங்குகிறார்கள்.

அந்த வசனத்தை எழுதியவர் சக்தி டி.கே. கிருஷ்ணசாமி. அது ஜாக்சன் ஆபீசில் எழுதி வைத்த குறிப்பு அல்ல.

அப்படியானால் சம்பவமே பொய்யா? இல்லை. 1798 செப்டம்பரில் ராமநாதபுரத்தில் இருவரும் சந்தித்தது உண்மை. அதற்கு முன்பு கட்டபொம்மனை ஊர் ஊராகத் தன் பின்னால் அலையவிட்டார் ஜாக்சன். சந்திப்பிலும் உட்காரச் சொல்லாமல் நிற்கவைத்தே விசாரித்தார். கைகலப்பு மூண்டது. கிளார்க் என்ற வெள்ளைக்கார அதிகாரி கொல்லப்பட்டார். கட்டபொம்மன் தப்பினார். பிறகு கம்பெனி சர்க்காரே விசாரணை நடத்தி, ஜாக்சனைப் பதவியில் இருந்து இறக்கியது!

மறு ஆண்டு, 1799 அக்டோபர் 16-ந்தேதி கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். தூக்கு மேடைக்கு அவர் அஞ்சாமல், அலட்சியமாக நடந்து போனதைப் பற்றி மேலிடத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார் ஒருவர். அவர் யார் தெரியுமா? தூக்கில் போட்ட அதே மேஜர் பானர்மேன்!

நண்பன் புகழ்வது பெரிதல்ல. எதிரியே எழுதி வைத்திருக்கிறான். இதைவிடப் பெரிய சான்று எது? வசனம் கற்பனையாக இருந்தாலும் வீரம் கற்பனையல்ல. இந்த வித்தியாசத்தைப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொன்னால் கட்டபொம்மனின் புகழ் ஒரு மாற்றும் குறையாது.

நந்தன் கதை வளர்ந்த விதம்

ஒரு கதை காலத்துக்குக் காலம் எப்படி மாறுகிறது என்பதற்கு நந்தனார் சரித்திரம் நல்ல உதாரணம்.

சுந்தரர் தம் தொண்டர் வரிசையில் அவரை ஒரே வரியில் குறிப்பிடுகிறார். 12-ம் நூற்றாண்டில் சேக்கிழார் அதை 37 பாட்டாக விரித்தார். அந்தப் பெரியபுராணத்தில் நந்தனாரைக் கொடுமை செய்யும் பண்ணையார் யாரும் இல்லை. 19-ம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் பாடிய கீர்த்தனையில்தான் வேதியர் என்ற பண்ணையார் வருகிறார். சிதம்பரம் போக உத்தரவு கேட்டால், 40 வேலி நிலத்தையும் முதலில் அறுத்து முடி என்கிறார்.

பாரதியார் தஞ்சைச் சீமையில் பண்ணை ஆட்களின் கஷ்டத்தை நேரில் கண்டவர். தம் காலத்து உண்மையைப் பழைய கதைக்குள் வைத்தார். இன்று பெரும்பாலானவர்கள் அந்தப் பண்ணையார் பெரியபுராணத்திலேயே இருப்பதாக நினைக்கிறார்கள்.

இந்திரா பார்த்தசாரதி 1970-களில் "நந்தன் கதை" என்ற நாடகத்தை எழுதினார். அதில் நந்தன் நெருப்பில் இறங்குவது தெய்வ அற்புதம் அல்ல. ஆதிக்கம் செலுத்துகிறவர்கள் கூடிச் செய்யும் சதி. 1974-ல் அவர் எழுதிய "ஔரங்கசீப்", டெல்லி சிம்மாசனத்துக்காக அண்ணன் தம்பிகள் போட்ட சண்டையைக் காட்டுகிறது. நாடு முழுவதையும் ஒரே அச்சில் வார்க்க நினைக்கும் ஆட்சி எங்கே போய் முடியும் என்ற கேள்வியை அது கேட்கிறது. அவருடைய "இராமாநுஜர்" நாடகத்துக்கு 1999-ம் ஆண்டுக்கான சரஸ்வதி சம்மான் விருது கிடைத்தது.

பழைய கதையைச் சொல்லிக்கொண்டே இன்றைய கேள்வியைக் கேட்பது இவருடைய வழி. "அன்று உண்மையில் இப்படித்தான் நடந்ததா?" என்று பார்ப்பவரும் கேட்கலாம். கேட்க வேண்டும். அப்படிக் கேட்டுத் தேடுகிறவர் பெரியபுராணத்தையும் ஒரு முறை புரட்டிப் பார்ப்பார். அதுவும் லாபம்தானே?

போலீஸ் கையில் கதைப் பிரதி

சரித்திரமும் நடப்பும் மேடை ஏறினால் ஆளுகிறவர்களுக்குப் பயம் வரும். 1860-ல் வங்காளத்தில் தீனபந்து மித்ரா "நீல் தர்ப்பண்" என்ற நாடகத்தை எழுதினார். அவுரி பயிரிடச் சொல்லி வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள் குடியானவர்களைப் படுத்திய பாட்டை அது சொல்லியது. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டதற்காக ஜேம்ஸ் லாங் என்ற பாதிரியாருக்கு 1861-ல் ஒரு மாத ஜெயிலும் 1,000 ரூபாய் அபராதமும் விதித்தார்கள்.

பிறகு கல்கத்தாவில் இங்கிலாந்து இளவரசரின் விஜயத்தைக் கேலி செய்து ஒரு நாடகம் நடந்தது. வெள்ளைக்கார சர்க்காருக்குக் கோபம் வந்தது. 1876-ல் நாடகங்களைத் தடை செய்யும் சட்டம் பிறந்தது.

தமிழ்நாட்டில் விசுவநாத தாஸ் முருகன் வேடத்தில் மேடைக்கு வருவார். வள்ளி திருமணக் கதைக்கு நடுவே தேசபக்திப் பாட்டைப் பாடுவார். அதற்காகப் பல முறை ஜெயிலுக்குப் போனார். 1940 டிசம்பர் 31-ந்தேதி இரவு சென்னையில் முருகன் வேடத்தோடு மேடையில் இருந்தபோதே அவர் உயிர் பிரிந்தது.

சுதந்திரம் வந்தது. ஆனால் சட்டம் போகவில்லை. 1954-ல் சென்னை ராஜ்யத்தில் புதிதாக ஒரு நாடகச் சட்டமும் வந்தது. எம்.ஆர். ராதாவின் ராமாயண நாடகம் பெரிய சர்ச்சையைக் கிளப்பியிருந்த நேரம் அது. நாடகப் பிரதியைப் போலீசார் கேட்டு வாங்கலாம், ஆட்சேபகரமானது என்று சர்க்கார் கருதினால் தடுக்கலாம் என்று ஆயிற்று. நாடகக் குழுவினர் பிரதியைத் தூக்கிக்கொண்டு போலீஸ் கமிஷனர் ஆபீசுக்கு நடப்பது வழக்கமாகிவிட்டது.

1956-லேயே அலகாபாத் ஐகோர்ட்டு, 1876-ம் ஆண்டு சட்டம் அரசியல் சட்டத்துக்கு விரோதமானது என்று தீர்ப்புக் கூறியது. சட்டத்தைப் போட்ட இங்கிலாந்திலும் ஒரு காலத்தில் அரண்மனை அதிகாரி ஒருவர் படித்துப் பார்த்து அனுமதி கொடுத்த பிறகே நாடகம் நடக்க முடியும். 1737-ல் சட்டமாக வந்த அந்த ஏற்பாட்டை 1968-ல் அவர்கள் எடுத்துவிட்டார்கள். தமிழ்நாட்டிலோ அது நீடித்தது.

செங்கல்பட்டில் 1954-ல் பிறந்தவர் பத்திரிகையாளர் ஞாநி. நாடகச் சட்டத்துக்கும் அவருக்கும் ஒரே வயது! "பரீக்ஷா" என்ற நாடகக் குழுவை நடத்தி வந்த அவர், இந்தச் சட்டத்தை எதிர்த்து சென்னை ஐகோர்ட்டில் வழக்குப் போட்டார். 2013 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் செல்லாது என்று ஐகோர்ட்டு கூறியது. பழைய 1876-ம் ஆண்டு சட்டத்தையும் பாராளுமன்றம் ரத்து செய்து, 2018 ஜனவரியில் அது ஏட்டில் இருந்து நீங்கியது. அதே மாதம் ஞாநி காலமானார்.

போலீஸ் பார்க்காவிட்டால் கண்டபடி நாடகம் போட்டு ஊரில் கலகம் மூட்ட மாட்டார்களா என்று சிலர் கேட்கலாம். நியாயமான பயம்தான். ஆனால் அவதூறுக்குத் தனிச் சட்டம் இருக்கிறது. கலவரத்தைத் தூண்டினால் தண்டிக்கவும் சட்டம் இருக்கிறது. குற்றம் நடந்தால் கோர்ட்டு பார்த்துக்கொள்ளும். நடப்பதற்கு முன்பே ஒரு அதிகாரி பேனாவை எடுத்து வசனத்தை அடிப்பது வேறு விஷயம். சரித்திரத்தில் எது உண்மை என்று தீர்மானிக்கும் வேலையைப் போலீஸ் நிலையத்திடம் கொடுக்க முடியாது.

பார்ப்பவர் கேட்க வேண்டியவை

அந்த வேலை இப்போது பார்ப்பவர் கையில் இருக்கிறது. அது ஒன்றும் கஷ்டமல்ல. மூன்று கேள்விகள் போதும்.

முதல் கேள்வி: இது எதில் இருந்து எடுத்தது? கல்வெட்டா, கடிதமா, கோர்ட்டு விசாரணையா, வாய்மொழிக் கதையா? செப்பேடு என்றாலும் உடனே தலையாட்டிவிடக் கூடாது. மன்னன் வெட்டிய செப்பேடு மன்னனைப் புகழத்தான் செய்யும்.

இரண்டாவது கேள்வி: எதை ஆசிரியர் சேர்த்தார்? யார் யார் நிஜமாக வாழ்ந்தவர்கள்? யார் கற்பனைப் பாத்திரங்கள்?

மூன்றாவது கேள்வி: எதை விட்டுவிட்டார்? மணிமங்கலம் போரில் மன்னன் பெயர் தெரிகிறது. போர் நடந்தபோது அந்த வட்டாரத்துக் குடியானவர்களின் பயிரும் மாடும் என்ன ஆயின? அதைச் செப்பேடு சொல்லவில்லை.

பள்ளிக்கூடத்தில் நாடகம் போடும் ஆசிரியர்களும் ஒரு காரியம் செய்யலாம். திரை விலகும் முன்பு ஒரு பிள்ளையை அனுப்பி, "இந்த நாடகத்தில் இன்னின்னார் சரித்திரத்தில் வாழ்ந்தவர்கள், இன்னின்னார் கற்பனை, வசனம் எங்கள் ஆசிரியர் எழுதியது" என்று சொல்ல வைக்கலாம். அரை நிமிடம்கூட ஆகாது. நாடகத்தின் சுவையும் குறையாது.

செல்போனில் வரும் இரண்டு நிமிடப் படத்தில் இப்படிச் சொல்ல ஆள் இல்லை. அங்கே வீட்டில் உள்ள பெரியவர்கள்தான் கேட்டுப் பழக்க வேண்டும். "கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்பது பாட்டிமார் சொன்ன பழமொழி. மேடையில் வரும் மன்னர்களுக்கும் அது பொருந்தும்.